குதிரையை நகர்த்துவது யார் கை?

2018 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் உலக பிரிட்ஜ் போட்டிகள் நடந்தன. அங்கே ஆடியவர்களில் ஒருவர் கெய்ர் ஹெல்கெமோ. நார்வேயில் பிறந்து மொனாக்கோவுக்காக ஆடிவந்தவர். உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். சிறுநீர்ப் பரிசோதனையில் அவர் உடம்பில் செயற்கை டெஸ்டோஸ்டிரோனும் குளோமிஃபீனும் இருப்பது தெரியவந்தது. முன்னது தசை வளர்ப்பவர்கள் நாடும் ஹார்மோன். பின்னது கருத்தரிப்புச் சிகிச்சையில் பெண்களுக்குக் கொடுக்கும் மருந்து. 2019 நவம்பர் வரை ஆடக்கூடாது என்று தடை விழுந்தது. பதின்மூன்று சீட்டை விரித்துப் பிடிக்க எவ்வளவு தசை வேண்டியிருக்கும் என்று ஊரே சிரித்தது.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சீட்டாடுபவரிடம் சிறுநீர் கேட்கும் நிலை எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999இல் பிரிட்ஜ், செஸ் இரண்டின் உலக அமைப்புகளையும் அங்கீகரித்தது. அங்கீகாரம் கிடைத்தால் ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும். செஸ் கூட்டமைப்பான ஃபிடேயும் பிரிட்ஜ் கூட்டமைப்பும் மனமுவந்து ஏற்றன. என்றைக்காவது ஒலிம்பிக் மேடையில் ஏறிவிடலாம் என்ற கனவுக்கு அவை கொடுத்த விலை அது.

அந்த விலை ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 2004இல் ஸ்பெயினின் கல்வியாவில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் பப்புவா நியூகினி, பெர்முடா அணிகளைச் சேர்ந்த இருவர் பரிசோதனைக்கு மறுத்தார்கள். 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. கடைசிச் சுற்றில் உக்ரைனின் வசீலி இவான்சுக், அமெரிக்காவின் கட்டா காம்ஸ்கியிடம் தோற்றார். உக்ரைனுக்குப் பதக்கமும் இல்லாமல் போனது. பரிசோதனைக்குக் கூப்பிட்ட அதிகாரியைக் கண்டுகொள்ளாமல் வெளியேறியவர், ஒரு கான்கிரீட் தூணை உதைத்தார், மேசையைக் குத்தினார், கோட்டு மாட்டும் அறைக்குள் போய் மறைந்தார். வராமல் போனால் மருந்து உண்டதாகவே கணக்கு. இரண்டாண்டுத் தடை விழலாம் என்ற பேச்சு கிளம்ப, உலகெங்கும் கிராண்ட்மாஸ்டர்கள் கொதித்தார்கள். விசாரணைக் குழு கடைசியில், நடைமுறையில் பிழை இருந்தது என்று சொல்லித் தண்டனை ஏதும் இல்லாமல் விட்டுவிட்டது.

மூளை ஆட்டத்துக்கு மருந்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. ஜெர்மனியில் மாயின்ஸ் ஆய்வாளர்கள் 39 செஸ் ஆட்டக்காரர்களுக்கு மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட், கஃபீன் ஆகியவற்றைக் கொடுத்துக் கணினியோடு 15 நிமிட ஆட்டங்கள் ஆடவிட்டார்கள். மருந்து உண்டவர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக யோசித்தார்கள். விளைவு, கடிகாரத்தில் நேரம் தீர்ந்து தோற்ற ஆட்டங்கள் கூடின. அந்தத் தோல்விகளைக் கழித்துப் பார்த்தபோது ஆட்டத்தின் தரம் ஓரளவு உயர்ந்திருந்தது. 2017இல் வெளியான இந்த ஆய்வு, கவனத்தைக் கூட்டும் மாத்திரையை செஸ் அரங்கில் தடுப்பதில் கொஞ்சம் நியாயம் இருப்பதைக் காட்டுகிறது. ஹெல்கெமோவின் டெஸ்டோஸ்டிரோனுக்கு அப்படி ஒரு நியாயமும் இல்லை. ஓட்டக்காரர்களுக்கும் பளுதூக்குபவர்களுக்கும் தைத்த சட்டையைச் சீட்டாட்டத்துக்கு அப்படியே மாட்டிவிட்டதன் பலன் அது.

இத்தனைக்குப் பிறகும் ஒலிம்பிக் கதவு திறக்கவில்லை. பழைய கதை இது. 1924இல் பாரிஸில் ஒலிம்பிக் நடந்தபோது பக்கத்திலேயே ஒரு செஸ் போட்டியும் நடந்தது. ஃபிடே பிறந்ததும் அந்த ஜூலை மாதத்தில், அந்த ஊரில்தான். அன்றைய ஒலிம்பிக்கில் பணத்துக்கு ஆடுபவர்களுக்கு இடமில்லை. செஸ்ஸில் யார் தொழில்முறை ஆட்டக்காரர், யார் ஆசைக்கு ஆடுபவர் என்று பிரிக்க முடியாமல் இரு தரப்பும் விலகிப் போயின. ஆகவே 1927இல் லண்டனில் செஸ் தனக்கென்று ஓர் ஒலிம்பியாடைத் தொடங்கிக்கொண்டது. காய் நகர்த்துபவருக்கு உழைப்பு போதாது என்று அன்று யாரும் தள்ளிவைக்கவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். எப்படித் தள்ளியிருக்க முடியும்? 1912 முதல் 1948 வரை அதே ஒலிம்பிக்கில் கவிதைக்கும் ஓவியத்துக்கும் கட்டடக் கலைக்கும் பதக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1912இல் இலக்கியத் தங்கத்தை வாங்கியவர் வேறு யாருமல்ல, நவீன ஒலிம்பிக்கின் தந்தை பியர் தெ கூபர்த்தான். புனைபெயரில் எழுதி அனுப்பியிருந்தார்.

2000இல் சிட்னி ஒலிம்பிக்கின்போது விஸ்வநாதன் ஆனந்தும் அலெக்ஸி ஷிரோவும் காட்சிக்காக ஆடினார்கள். அதன்பின் 2002இல் ஒலிம்பிக் நிகழ்ச்சி நிரலை ஆராய்ந்த ஆணையம், மூளை ஆட்டங்கள் அவற்றின் இயல்பாலேயே இடம்பெறத் தகுதியற்றவை என்று பரிந்துரைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காக ஃபிடே மீண்டும் மனுப் போட்டது. நூறாண்டுக்குப் பின் அதே ஊர், நல்ல சகுனம் என்று நினைத்திருப்பார்கள். பிரேக்கிங் நடனம் உள்ளே போனது. செஸ் வெளியே நின்றது. 2023 ஜூனில் சிங்கப்பூரில் ஒலிம்பிக் கமிட்டி தானே முன்னின்று ஒரு இ-ஸ்போர்ட்ஸ் தொடரை நடத்தியது. அதில் செஸ் இருந்தது! மரப்பலகையில் ஆடினால் தகுதியில்லாத ஆட்டம், திரையில் ஆடியதும் தகுதி பெற்றுவிட்டது.

செஸ்ஸுக்காக வாதாடுபவர்கள் வழக்கமாக எடுக்கும் ஆயுதம் உடல் உழைப்பு. 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் உலகப் பட்டத்துக்காகத் தொடங்கிய கார்ப்போவ், காஸ்பரோவ் மோதல் ஐந்து மாதம் இழுத்து, 48 ஆட்டங்களுக்குப் பின் 1985 பிப்ரவரியில் முடிவில்லாமல் நிறுத்தப்பட்டது. இருவரும் களைத்துவிட்டதாக அன்றைய ஃபிடே தலைவர் கம்போமானஸ் காரணம் சொன்னார். கார்ப்போவ் ஏறத்தாழ 10 கிலோ இளைத்திருந்தார் என்று பேசப்பட்டது. ஒரு கிராண்ட்மாஸ்டர் போட்டி நாளில் 6,000 கலோரி எரிக்கிறார் என்ற கணக்கும் சில ஆண்டுகளாக உலவுகிறது. வாட்ஸ்அப் வரைக்கும் வந்துவிட்ட இந்த எண்ணை நம்புவதற்கில்லை. மூளை, ஓய்விலிருக்கும்போதே உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. கடுமையாக யோசித்தால் அதற்கு மேல் கூடுவது சொற்பம்தான். நெருக்கடியில் இதயம் படபடக்கும், வியர்க்கும், பசி போகும், தூக்கம் கெடும். பிளஸ் டூ கணிதத் தேர்வு எழுதும் பிள்ளைக்கும் அதுதான் நடக்கிறது. அந்தத் தேர்வை யாரும் விளையாட்டில் சேர்ப்பதில்லை.

முன்னணி ஆட்டக்காரர்கள் ஓடுகிறார்கள், நீந்துகிறார்கள், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் உண்மை. ஐந்து மணி நேர ஆட்டத்தின் கடைசி அரைமணியிலும் தெளிவாக இருக்க அது உதவுகிறது. ஆனால் அது ஆட்டத்துக்கான தயாரிப்பு. ஆட்டம் வேறு.

அப்படியானால் எதைக் கொண்டு பிரிப்பது? விளையாட்டுத் தத்துவம் எழுதுபவர்கள் முன்வைக்கும் ஒரு சோதனை, கலோரிக் கணக்கைவிடக் கூர்மையானது: எனக்குப் பதில் இன்னொருவர் உடம்பால் அதைச் செய்ய முடியுமா? உலக செஸ் பட்டம் வென்ற குகேஷ் தன் இடத்தில் உட்கார்ந்தபடி குதிரையை எங்கே வைக்க வேண்டும் என்று வாயால் சொல்லட்டும். பக்கத்திலிருப்பவர் எடுத்து வைக்கட்டும். அது குகேஷின் நகர்த்தல்தான், ஒரு பின்னமும் குறையாது. கடிதத்தில் ஆடிய காலம் உண்டு, தந்தியில் ஆடிய காலம் உண்டு. கையால் காய் நகர்த்த இயலாதவர் உதவியாளரை வைத்துக்கொள்ள ஃபிடே விதிகளே இடம் தருகின்றன. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடில் பார்வையற்றோர், செவித்திறனற்றோர், உடல் ஊனமுற்றோர் அமைப்புகளின் அணிகள் மற்ற நாட்டு அணிகளோடு ஒரே போட்டியில் ஆடின.

நீரஜ் சோப்ராவின் ஈட்டியை இன்னொருவர் எறிந்தால் அது நீரஜின் எறிதல் ஆகாது. அசைவே இல்லாததுபோலத் தெரியும் துப்பாக்கிச் சுடுதலும் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அசையாமல் நின்றதற்கு. அந்த அசையாமைதான் அவர் உடம்பு கற்ற வித்தை. கை நடுக்கத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளை அங்கே தடுத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. ஆக, வியர்வை எவ்வளவு என்பது கேள்வியல்ல.

இந்தச் சோதனையை நம் ஊர்த் திண்ணைக்குக் கொண்டுவந்தால் ஒரு வேடிக்கை. கேரம் தேறிவிடும். ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் விரலின் கோணமும் விசையும்தான் அங்கே எல்லாம்; எந்தக் காயை எந்தக் குழியில் போட வேண்டும் என்று தெரிந்தால் போதாது, போடத் தெரிய வேண்டும். இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற சென்னையின் மரிய இருதயம் 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வடசென்னையிலிருந்து போன காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். உடம்பின் திறன் என்ற அளவுகோலில் செஸ்ஸைவிடக் கேரமுக்குத்தான் உரிமை அதிகம். ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரமோ செஸ்ஸிடம் இருக்கிறது, கேரமிடம் இல்லை. யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தர்க்கத்தைவிட அமைப்பின் பலமும் பரவிய நாடுகளின் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சோதனையில் ஓர் ஓட்டையும் உண்டு: நேரம் தீரும் நொடிகள். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பது விதி. 2008இல் அமெரிக்கப் பெண்கள் சாம்பியன்ஷிப்பை முடிவுசெய்த கடைசி ஆட்டத்தில் ஐரினா கிரஷ்ஷும் அன்னா ஸடோன்ஸ்கியும் காய்கள் தெறிக்கத் தெறிக்கக் கடிகாரத்தைக் குத்தினார்கள். கிரஷ்ஷின் நேரம் தீர்ந்தபோது ஸடோன்ஸ்கியிடம் மிச்சமிருந்தது ஒரே நொடி. பட்டம் கைவேகத்தால் போனது. அந்தச் சில நொடிகளில் செஸ் சந்தேகமில்லாமல் உடம்பின் விளையாட்டு. ஆனால் செஸ்ஸை நேசிப்பவர்கள் அதைத்தான் ஆட்டத்தின் மிக அசிங்கமான பகுதி என்பார்கள்.

தத்துவம் இப்படி முடிய, நீதிமன்றங்கள் என்ன சொல்லின? இங்கிலாந்துதான் இதில் அதிகம் குழம்பிய நாடு. அங்கே விளையாட்டுக்கு அரசுப் பணம் தரும் ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பு, உடல் இயக்கம் இருந்தால்தான் விளையாட்டு என்ற ஐரோப்பிய சாசன வரையறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிறு அம்புகளை எறியும் டார்ட்ஸுக்கு அங்கே இடமுண்டு. எங்களுக்கு ஏன் இல்லை என்று பிரிட்ஜ் சங்கம் வழக்குப் போட்டது. 2015 அக்டோபரில் நீதிபதி டோவ், அந்த வரையறையை வைத்துக்கொள்ள அமைப்புக்கு உரிமை உண்டு என்றார். பிரிட்ஜ் விளையாட்டா இல்லையா என்ற பெரிய கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. அதே நாட்டின் அறக்கட்டளைச் சட்டத்தைப் புரட்டினால், மூளைத் திறனால் நலம் வளர்க்கும் ஆட்டமும் விளையாட்டே என்று எழுதியிருக்கிறது. ஒரு மேசையில் விளையாட்டு, அடுத்த மேசையில் இல்லை.

விடாத சங்கம் போட்டி நுழைவுக் கட்டணத்துக்கு வரிவிலக்கு கேட்டு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2017 ஜூனில் நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர் ஷ்புனார் சங்கத்தின் பக்கம் நின்றார். அக்டோபரில் வந்த தீர்ப்பு அவரைப் பின்பற்றவில்லை: உடல் அசைவு பொருட்படுத்தத் தக்கதாக இல்லாத ஒன்று, மனதுக்கு எவ்வளவு நல்லதானாலும், போட்டியாக நடந்தாலும், வரிச் சட்டத்தின் கண்ணில் விளையாட்டு ஆகாது. வேண்டுமானால் பண்பாட்டுச் சேவை என்று கேட்டுப் பாருங்கள் என்ற பொருளில் ஒரு ஜன்னலையும் திறந்துவைத்தது.

2024இல் லண்டன் ஹாரோவைச் சேர்ந்த ஒன்பது வயது போதனா சிவானந்தன், புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடுக்கான இங்கிலாந்துப் பெண்கள் அணியில் இடம்பிடித்தார். பெற்றோருக்குப் பூர்விகம் திருச்சி. எந்த விளையாட்டிலும் இங்கிலாந்துக்கு ஆடிய மிக இளையவர் இவர்தான் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. அந்த ‘எந்த விளையாட்டிலும்’ என்பதற்குள் செஸ் வராது என்கிறது அவர்கள் நாட்டு அரசு அமைப்பு.

ஜெர்மானியர்கள் இதை ஓர் அடைப்புக்குறிக்குள் தீர்த்துவிட்டார்கள். பொதுநலன் கருதி வரிச்சலுகை பெறும் பணிகளைப் பட்டியலிடும் அவர்களது வரிச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் விளையாட்டை வளர்த்தல் என்று வருகிறது. பக்கத்திலேயே, செஸ் விளையாட்டாகக் கருதப்படும் என்று ஒரு குறிப்பு. செஸ் என்பது விளையாட்டே என்று அவர்கள் சாதிக்கவில்லை. அப்படி வைத்துக்கொள்வோம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். உலகில் இந்த விவகாரத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிக நேர்மையான வாக்கியம் அதுதான் என்று சொல்லலாம். 2017இல் அந்நாட்டின் உச்ச வரி நீதிமன்றம், போட்டி பிரிட்ஜ் விளையாட்டல்ல, ஆனால் செஸ்ஸுக்குத் தரும் சலுகையை அதற்கும் தரவேண்டும் என்றது.

ஆசியாவில் இந்தக் கவலைகள் குறைவு. சீனாவில் பலகை ஆட்டங்களும் சீட்டும் அரசின் விளையாட்டு நிர்வாகத்தின் கீழ்தான் இருக்கின்றன. 2008இல் ஒலிம்பிக் முடிந்த சூட்டோடு முதல் உலக மூளை விளையாட்டுப் போட்டிகளையும் பெய்ஜிங்தான் நடத்தியது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் செஸ் 2006இல் தோகாவில் நுழைந்தது. கோனேரு ஹம்பி தங்கம் வென்றார். 2010இல் இருந்தது, அடுத்த இரண்டு முறை காணோம், ஹாங்சோவில் திரும்பி வந்தது. 2018இல் ஜகார்த்தாவில் பிரிட்ஜ் அறிமுகமானபோது ஆண்கள் இணைக்கான தங்கத்தை வென்றவர்கள் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும். தென் கொரியாவுக்கு இது வெறும் பதக்கக் கணக்கில்லை. ஆசியத் தங்கம் வென்றால் அங்கே கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு உண்டு. 2010இல் குவாங்சோவில் பலகை ஆட்டமான ‘கோ’வில் தங்கம் வென்ற பதின்வயது பார்க் ஜங்-ஹ்வானுக்கு அந்த விலக்கு கிடைத்தது.

இந்தியா இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. 1961இல் அர்ஜுனா விருது தொடங்கிய முதல் ஆண்டிலேயே, இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரனுக்கு அது கிடைத்தது. ஆட்டம் பெரும்பாலும் வீட்டுக் கூடத்திலும் கிளப்பிலும் நடந்த காலம் அது. நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதாக கேல் ரத்னாவை 1991-92இல் உருவாக்கியபோது, முதலில் வாங்கியவர் ஆனந்த். ஹாக்கி இருந்தது, கிரிக்கெட் இருந்தது, தடகளம் இருந்தது, கொடுத்தது செஸ்ஸுக்கு. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளில் செஸ்ஸும் கேரமும் உண்டு. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் செஸ் சான்றிதழோடு வரும் பிள்ளையை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

இங்கே இன்னொரு திசையிலிருந்து ஆபத்து வருகிறது. ரம்மி திறமையின் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னதை வைத்துக்கொண்டு, இணையச் சூதாட்ட நிறுவனங்கள் விளையாட்டு என்ற போர்வைக்குள் நுழையப் பார்த்தன. தமிழ்நாடு 2022இல் சட்டம் போட, 2023இல் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதன் தடையிலிருந்து விடுவித்தது. 2025இல் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை ஒரு கூடையிலும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை வேறு கூடையிலும் போட்டுப் பிரித்தது. திறமை இருப்பதாலேயே ஒன்று விளையாட்டாகிவிடாது என்பதை செஸ் ரசிகர்களும் ஏற்றுக்கொள்வது அவர்களுக்கே நல்லது. இல்லாவிட்டால் அதே வாதத்தைப் பிடித்துக்கொண்டு ரம்மி செயலியும் பின்னாலேயே வரும்.

உடம்பின் சோதனையில் செஸ் தேறாது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அரசு எதற்காகக் கேட்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறுவதில் தவறும் இல்லை. பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்பதற்காக ஒதுக்கும் பணமும் நேரமும் செஸ்ஸுக்குப் போகக்கூடாது. இங்கிலாந்துக்காரர்களின் பிடிவாதத்தில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. மைதானம் இல்லாத பள்ளி, பி.டி. பீரியடில் நான்கு செஸ் பலகையை விரித்து வகுப்பை உட்காரவைத்துவிட்டு, விளையாட்டுக் கல்வி நடக்கிறது என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது மோசடிதான். விருது, வேலை, கல்லூரி இடம், பயண உதவி ஆகியவற்றின் கதை வேறு. அங்கே அளப்பது ஆண்டுக்கணக்கான பயிற்சியையும் போட்டியையும் வெற்றியையும். அந்த அளவுகோலில் செஸ் எந்த ஆட்டத்துக்கும் குறைந்ததில்லை.

அங்கீகாரம் இருப்பதால் மட்டும் பணம் வந்துவிடுவதும் இல்லை. அர்ஜுனா விருது தொடங்கி அரை நூற்றாண்டு கடந்த பின்னும் குகேஷின் தந்தை, காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார், வீடு தாயின் சம்பளத்தில் ஓடியது, நண்பர்கள் கைகொடுத்தார்கள். கிராண்ட்மாஸ்டர் ஆவதற்கான நார்ம்களைத் தேடி வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போவதும் பயிற்சியாளருக்குக் கொடுப்பதும்தான் இதில் பெருஞ்செலவு. மைதானமும் விடுதியும் கட்டிப் பழகிய விளையாட்டுத் துறைகளுக்கு இந்தச் செலவின் கணக்கு பிடிபட வெகுகாலம் ஆனது.

2023 டிசம்பரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆதரித்து நடந்த சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியில் குகேஷ் முதலிடம் பிடித்தார். அங்கே சேர்ந்த புள்ளிகள், உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குள் அவரைக் கொண்டுபோயின. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் அதையும் வென்று, டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் டிங் லிரனை வீழ்த்தியபோது அவருக்கு வயது 18. வென்ற கையோடு தமிழக முதல்வர் 5 கோடி ரூபாய் பரிசு அறிவித்தார். மறு மாதம் டெல்லியில் கேல் ரத்னா. அந்தச் சென்னைப் போட்டிக்கு விளையாட்டுத் துறை துணை நின்றபோது, இது விளையாட்டுதானா என்று கோட்டையில் எந்தக் கோப்பும் திரும்பி வந்ததாகச் செய்தி இல்லை.